நகர்வதெல்லாம் மீன்

எத்தெல்கா படகுத்துறைப் பலகையில் உட்கார்ந்து மண்புழுக்களைப் பெரிய முள்ளில் கோத்துக்கொண்டிருந்தாள். கெளுத்திக்கு ஒற்றைப் புழுவைக் காட்டினால் திரும்பிக்கூடப் பார்க்காது. கைநிறைய வேண்டும், கொத்தாக, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் நெளிய. நடுவில் இரண்டு அட்டைகளைச் சேர்த்தால் இன்னும் விசேஷம். அட்டையைத் தொட அவளுக்கு அருவருப்பு கிடையாது. ஆஸ்திரியாவில் பல வருஷம் கிழவர் கிழவிகளைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, புண்ணுக்கு மருந்து போட்டவள். அட்டையாவது சும்மா இருக்கும், சூப்பில் உப்பில்லை என்று திட்டாது.

படகுக்குள் அவள் கொழுந்தன் வெந்தெல் மீன் ரேடாரின் திரையைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சீக்கிரம் அண்ணி. காத்து அடங்கிடுச்சு."

"புழுகிட்ட சொல்லு. நான் தயாராத்தான் இருக்கேன்."

வெள்ளிக்கிழமை மதியம் தாண்டியிருந்தது. சனிக்கிழமை வெந்தெலுக்குக் கல்யாணம். வயது ஐம்பத்தெட்டு, முதல் கல்யாணம். பெண், ஏரிக் குளியல்கரையில் லாங்கோஷ் என்னும் மாவு ரொட்டியைப் பொரித்து விற்கும் கிஸெல்லா. பூண்டு வாசமும் பெரிய சிரிப்பும் உள்ள விதவை. இந்தக் கல்யாணம் ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. முதல் முறை வெந்தெலின் முழங்காலில் அறுவை சிகிச்சை. இரண்டாம் முறை படகின் அடிப்பலகை இற்றுப்போயிருந்தது. அதைச் சரிசெய்யாமல் தனக்கு வேறெதிலும் மனம் ஒட்டாது என்றான். "மூணாவது தடவ தள்ளி வெச்சா எண்ணெய்ச் சட்டியில உன்னத்தான் போட்டுப் பொரிப்பேன்" என்று கிஸெல்லா எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு பாத்திரம் கழுவும்போது எத்தெல்காவிடம் தனியாக, சிரிக்காமல் சொன்னாள்: "அக்கா, எனக்கும் வயசாகுது. இதுதான் கடைசி."

எத்தெல்காவுக்கும் இது கடைசியாக இருந்தால் நல்லது. அவள் புருஷன் பெர்த்தலான் இறந்துபோன பிறகு, அவன் தம்பியான வெந்தெல் அவள் வீட்டுப் பின்னறையிலேயே தங்கிவிட்டான். கெட்டவன் இல்லை. விறகு பிளப்பான், கூரைத் தகரம் தட்டுவான், தட்டில் வைத்ததைச் சாப்பிடுவான். ஆனால் விடிகிற நேரத்தில் அவள் சமையலறையில் ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, நதிகளின் நீர்மட்ட அறிக்கையை ஊர் ஊராகக் கேட்பான். அவன் நன்றாக இருக்கவேண்டும் என்று அவள் நினைத்தாள். ரேடியோ கிஸெல்லா வீட்டுக்குப் போகவேண்டும் என்றும் நினைத்தாள். இரண்டும் ஒரே அளவுக்கு உண்மை.

இப்போது குறுக்கே நின்றது ஒரு கெளுத்தி, அதாவது இல்லாத கெளுத்தி. நிச்சயதார்த்தச் சாப்பாட்டில் கிஸெல்லாவின் அண்ணன் காஷ்பார், கீழே சோங்ராத் பக்கம் ஆற்றில் மீன் பிடிக்கிறவன், முட்கரண்டியால் மீனைக் கிளறிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "கல்யாணத்துக்கு நம்ம ஆத்து மீன் ஒரு வண்டி கொண்டாரவா மாப்ளே? ஏரி மீனு கொஞ்சம் சேறு வாடை அடிக்குதே." வெந்தெலுக்குள் மூன்று கோப்பை பிளம் சாராயம் இருந்தது. எழுந்து நின்றான். "என் கல்யாணக் குழம்புல என் கையால பிடிச்ச கெளுத்திதான் வேகும். இல்லேன்னா கல்யாணமே கிடையாது." மேஜை முழுக்கச் சிரித்தது. எத்தெல்கா சிரிக்கவில்லை. முப்பது வருஷம் பேருந்து ஓட்டிய காலத்தில், ஓடிவரும் கிழவிக்காகக்கூட ஒரு நிமிஷம் தாமதமாக வண்டியை எடுக்காதவன் அவன். சொன்னால் சொன்னதுதான். மீன் இல்லையென்றால் வெட்கத்தில் மறுபடியும் தள்ளி வைப்பான். மறுபடியும் தள்ளி வைத்தால் கிஸெல்லா இல்லை.

புழுக்கொத்து தயாரானது. எத்தெல்கா படகின் முன்பலகையில் போய் உட்கார்ந்து குளுக்குக்கட்டையை மடியில் வைத்துக்கொண்டாள்.

வாதுமை மரத்தில் செதுக்கிய, அரிவாள்போல வளைந்த கட்டை அது. நுனியில் நாணயம் அகலத்துக்குத் தட்டையான ஒரு பாதம். அதை நீரில் சரியான சாய்வில் இறக்கி இழுத்தால் 'குளுக்' என்று ஆழமாக ஒரு சத்தம் கிளம்பும். அந்தச் சத்தத்துக்கு அடியில் படுத்திருக்கும் கெளுத்தி எழுந்து வரும். பசியால் வருகிறதா, கோபத்தால் வருகிறதா, யார் கதவைத் தட்டுவது என்று பார்க்க வருகிறதா, இங்கே யாருக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் வரும். முன்பெல்லாம் பெர்த்தலான் தட்டுவான், வெந்தெல் தூண்டில் பிடிப்பான். பெர்த்தலான் போனதும் முன்பலகையில் கனமில்லாமல் படகு மூக்கைத் தூக்கியது. கனத்துக்காக எத்தெல்கா ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சும்மா இருப்பானேன் என்று கட்டையை எடுத்தாள். ஒரே கோடையில் மணிக்கட்டு பிடிபட்டுவிட்டது. வெந்தெல் தட்டினால் யாரையோ கன்னத்தில் அறைவதுபோலத்தான் கேட்கும்.

மீன் ரேடார் கிஸெல்லா கொடுத்தது. நிச்சயத்துக்கு மற்ற பெண்கள் கைக்கடிகாரம் கொடுப்பார்கள். இவள் இதைக் கொடுத்தாள். படகின் அடியில் ஒரு குமிழ் மாட்டி, அதிலிருந்து ஒலியை இறக்கி, எதில் பட்டு எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்று பார்த்துத் திரையில் கோடு போடும் பெட்டி. வெந்தெல் அதைப் படகின் பின்மூலையில், எஞ்சினுக்குப் பக்கத்தில், மழை படாத இடமாகப் பார்த்துப் பொருத்தினான். முதல் வாரம் அது குட்டிக் குட்டி மீன் படங்களாகக் காட்டும்படி வைத்திருந்தான். திரை நிறைய மீன். தண்ணீருக்கு இடமே இல்லை. அவர்களுடைய துறைக்கு அடியிலேயே ஒரு ராட்சத மீன் நாள் முழுக்க அசையாமல் நின்றது. இரண்டு நாள் அதற்கு இரை போட்டபின் கொக்கியை இறக்கி இழுத்தார்கள். கெட்டியாகிப்போன சிமெண்ட் மூட்டை.

அன்று வெந்தெல் ஒரு விதி செய்துகொண்டான். "நகராதது எல்லாம் குப்பை. நகர்றது எல்லாம் மீன்." படங்களை அணைத்துவிட்டு வெறும் கோடுகளை வைத்தான். இந்த விதியில் எத்தெல்காவும் தப்பெதுவும் காணவில்லை. அதைப் பின்னால் அவளே ஒப்புக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை முதல் மதியம்தோறும் அவர்கள் நீருக்கடியில் கிடக்கும் பழைய ஆற்றின் மேல் ஒரே இடத்தில் மிதந்தார்கள். ஏரி கட்டுமுன் திசா ஆறு அங்கே வளைந்து போயிற்று. இன்றும் ஆழம் அங்கேதான். திரையின் அடியில் தடித்த பட்டையாகத் தரை. அதற்கு மேலே மெல்லிய கோடு ஒன்று. எத்தெல்கா குளுக், குளுக் என்று தட்டுவாள். வெந்தெல் ஆவலோடு திரும்பிப் பார்ப்பான். கோடு மெல்ல மேலே ஏறும், நிற்கும், பிறகு இறங்கும். மறுபடி தட்டினால் மறுபடி ஏறும். கடிக்காது.

"சந்தேகப்படுது," என்றான் செவ்வாய்க்கிழமை.

"பசி இல்ல," என்றாள் எத்தெல்கா புதன்கிழமை.

வியாழக்கிழமை மாலை கிஸெல்லாவின் கடை முன்னால் நின்று வெந்தெல் ஊருக்கே கேட்கும்படி சொன்னான்: "அது எனக்குப் பழகிடுச்சு. நாளைக்குக் கண்டிப்பா ஏறும்." காஷ்பார் தொலைபேசியில், தான் எதற்கும் வண்டியில் ஐஸ் நிரப்பி வைப்பதாகச் சொன்னான். எதற்கும் என்ற சொல்லை அவன் இழுத்துச் சொன்னதாகக் கிஸெல்லா சொன்னாள்.

ஆகவே இன்று வெள்ளிக்கிழமை. அதே இடம், அதே கோடு. எத்தெல்கா தட்டினாள். கோடு ஏறியது. இறங்கியது. மணிக்கட்டு வலித்தது. கரையில் யாரோ வாத்துகளுக்கு ரொட்டி பிய்த்துப் போட்டார்கள். அவை எளிதாகச் சாப்பிட்டன.

அப்போது ஒரு குளவி வந்து வெந்தெலின் கழுத்தில் உட்கார்ந்தது.

"அண்ணி, பிடிங்க, பிடிங்க." தூண்டிலை அவள் கையில் திணித்துவிட்டுத் தொப்பியால் தன் பிடரியில் தானே அறைந்துகொண்டான். எத்தெல்கா தூண்டிலை முழங்கால்களுக்கு இடையில் இறுக்கிக்கொண்டு ஒரு கையால் தட்டினாள். குளுக், குளுக், குளுக். கோடு அசையவில்லை. இன்னொரு முறை தட்டினாள். பென்சிலால் கோடு போட்டதுபோல நேராகவே ஓடியது.

"போயிடுச்சு," என்றான் வெந்தெல்.

"குளவியா?"

"மீனு. நீங்க பிடிச்சதும் போயிடுச்சு பாருங்க." தூண்டிலை வாங்கிக்கொண்டான். "இப்பத் தட்டுங்க."

தட்டினாள். அவன் திரும்பிப் பார்த்தான். கோடு ஏறியது.

"பாத்தீங்களா. ஆள் தெரியுது அதுக்கு."

எத்தெல்கா திரையைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நோயாளியின் கட்டிலருகே பெட்டியில் எண் திடீரென்று குறைந்தால் வீட்டார் எல்லோரும் பெட்டியைச் சுற்றி நின்று அழுவார்கள். அவள் முதலில் விரலைப் பார்ப்பாள். பெரும்பாலும் விரலில் மாட்டிய கிளிப் கழன்றிருக்கும்.

"வெந்தெல், திரும்பாம என்னையே பாரு."

"எதுக்கு?"

"நான் அழகா இருக்கேன்னு. பாரு."

தட்டினாள். கோடு நேராக ஓடியது.

"இப்ப நான் தட்டல. நீ திரும்பி உன் பெட்டியப் பாரு."

அவன் திரும்பினான். முழங்கால் மடங்காத காரணத்தால் இடுப்போடு முறுக்கிக்கொண்டு திரும்ப வேண்டியிருந்தது. உடம்பு ஒரு பக்கம் திரும்ப, தூண்டில் பிடித்த கை மறுபக்கம் உயர்ந்தது. திரையில் கோடு அழகாக மேலே ஏறியது.

வெந்தெல் கையை இறக்கினான்; கோடும் இறங்கியது.

"அது..." என்றான் வெந்தெல்.

"அது நம்ம புழு. ஈயக்குண்டும் புழுவும்."

"மூணு நாளா நாம எதக் கூப்பிட்டுட்டு இருந்தோம்?"

"புழுவ."

"வந்துச்சே."

"வராம என்ன பண்ணும்? கயிறு உன் கையிலதானே இருக்கு."

எத்தெல்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். தோள் குலுங்கி, படகு குலுங்கி, திரையில் புழுவும் குலுங்கியது. அதைப் பார்த்ததும் இன்னும் அதிகமாகச் சிரித்தாள். பலகை ஓரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. தானும் அதே கோட்டுக்காக மூன்று நாள் மணிக்கட்டை முறித்துக்கொண்டதை நினைத்தபோது கண்ணில் நீர் வந்தது.

வெந்தெல் சிரிக்கவில்லை. தூண்டிலைக் குறுக்கே வைத்துவிட்டுத் தொப்பியை மடித்து மடித்துப் பிரித்தான்.

"நான் ஒண்ணு யோசிச்சேன் அண்ணி. அக்டோபர்ல தண்ணி கொஞ்சம் குளுந்துடும். கூட்டமும் இருக்காது..."

"அக்டோபர்ல என்ன?"

"இல்ல, கிஸெல்லாகிட்ட பக்குவமா எடுத்துச் சொன்னா..."

சிரிப்பு நின்றது. மருந்து குடிக்க மாட்டேன் என்று வாயை இறுக்கிக்கொள்ளும் ஆட்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அவர்களோடு வாதாடக் கூடாது. கையில் ஒரு வேலையைக் கொடுக்க வேண்டும்.

"எஞ்சினப் போடு. மேல் வளைவுக்குப் போ, கரை செங்குத்தா விழுற இடத்துக்கு. அப்புறம் இந்தப் பெட்டியக் கழட்டி என் பக்கம் மாட்டு."

"அது கிஸெல்லா எனக்குக் கொடுத்தது."

"நாளைக்குக் கல்யாணப் பரிசா நான் உனக்கு மறுபடி கொடுக்கிறேன். கழட்டு."

"நான் பாக்காம எப்படி?"

"இதுவரைக்கும் பாத்து என்ன கிழிச்ச? நீ கயிறப் பிடி. நான் பாக்கிறேன். ஒரு நல்லது நடந்திருக்கு, தெரியுமா? எந்தக் கோடு நாமன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. இனிமே வேற ஒரு கோடு வந்தா அது நாம இல்ல."

அவன் முனகிக்கொண்டே கழற்றி மாட்டினான். பிறகு அவளுக்கும் திரைக்கும் முதுகு காட்டி உட்கார்ந்தான். எஞ்சினை அணைத்தார்கள். மெல்லிய காற்று படகைப் பழைய ஆற்றின் மேல் வளைவில் தள்ளிக்கொண்டு போயிற்று. அல்லி இலைகளின் ஓரத்தில் வெயில் சாய்ந்திருந்தது. இருட்ட இன்னும் நேரம் இருந்தது, ஆனால் நிறைய இல்லை.

எத்தெல்கா தட்டினாள். புழுக்கோடு நேராக ஓடியது. தரை சரிந்து ஆழமானது. கட்டையைத் துடைத்துவிட்டு மறுபடி தட்டினாள். அங்கே, சரிவின் அடியில், தரைப்பட்டையில் ஒரு வீக்கம் தெரிந்தது. சிமெண்ட் மூட்டையாகவும் இருக்கலாம். அவள் தட்டத் தட்ட அந்த வீக்கம் தரையிலிருந்து பிரிந்தது. பெருவிரல் தடிமனுக்கு ஒரு கோடு, சாய்வாக, மேலே.

வெந்தெலிடம் சொன்னால் திரும்புவான். திரும்பினால் புழு ஓடும். பத்துப் பேர் படுத்திருக்கும் அறையில் ஒருவருக்கு மூச்சுத் திணறும்போது மற்ற ஒன்பது பேருக்கும் தெரியாமல் நடந்து போகப் பழகியவள் அவள். குரலை மாற்றவே இல்லை.

"வெங்காயம் எவ்ளோ வாங்கின?"

"ஒரு மூட்டை. ஏன்?"

"யாரு உரிப்பா?" குளுக், குளுக்.

"காஷ்பார் வீட்டுப் பொம்பளைங்க வர்றாங்களே."

"அவங்க நகத்துக்குச் சாயம் போட்டுட்டு வருவாங்க. நீதான் உரிக்கணும்."

"கல்யாண மாப்பிள்ளையா?"

"மாப்பிள்ளைக்குக் கண்ணு கிடையாதா? அழறதுக்கு அத விட நல்ல நாள் எது?" குளுக். தடித்த கோடு பாதி வழியில் நின்றது. அவள் தட்டுவதை நிறுத்தினாள்.

"என்ன நிறுத்திட்டீங்க?"

"கை வலிக்குது." கோடு நின்ற இடத்திலேயே நின்றது. மெதுவாக, நுனியால் மட்டும், இரண்டு தட்டு. கோடு மறுபடி ஏறத் தொடங்கியது. "பாப்ரிகா மிளகாய்ப் பொடி போன வருஷத்ததா, இந்த வருஷத்ததா?"

"இந்த வருஷத்தது எங்க இருக்கு, அறுவடையே இன்னும்..."

தூண்டில் தண்ணீருக்குள் வளைந்தது. வெந்தெலின் வாய் திறந்தபடியே இருந்தது. சுருளிலிருந்து கயிறு கீச்சிட்டுக்கொண்டு ஓடியது, படகு அதன் பின்னால் மூக்கைத் திருப்பியது.

"விடு, ஓடட்டும்," என்றாள் எத்தெல்கா. "இப்ப எழுந்து நிக்காத. முழங்கால் இருக்கு. உக்காந்தே பிடி."

அது ஆழத்துக்குப் போயிற்று, அல்லிப்புதர்ப் பக்கம் போயிற்று, படகுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வந்தது. வெந்தெல் முதலில் கடவுளைக் கூப்பிட்டான், பிறகு அண்ணனைக் கூப்பிட்டான், கடைசியில் கெளுத்தியின் தாயைப் பற்றிச் சிலது சொன்னான். வெகுநேரம் கழித்து நீர் பிளந்து ஒரு தலை தெரிந்தது. அகலமாக, கறுப்பாக, மீசையோடு, தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவரின் எரிச்சலோடு.

எத்தெல்கா தடித்த கையுறையை மாட்டிக்கொண்டாள். கெளுத்தியைக் கீழ்த்தாடையில் பிடித்துத்தான் தூக்க வேண்டும். பெருவிரலை வாய்க்குள் விட்டு இறுக்கினாள். கால்களை அகட்டி முழங்காலை மடித்து, முதுகை வளைக்காமல் தொடையின் பலத்தில் எழுந்தாள். குளியல் தொட்டியிலிருந்து ஆளைத் தூக்கும் அதே முறை. பாதி மீன் படகுக்குள் வந்தது. மீதியை வெந்தெல் இழுத்தான். இருவரும் அதன் மேலேயே விழுந்தார்கள். நீட்டிப் படுக்கவைத்தால் எத்தெல்காவை விட ஒரு சாண்தான் குறைவு.

வெந்தெல் மல்லாந்து கிடந்தபடி வானத்தைப் பார்த்தான். அவன் வயிறு மெல்லக் குலுங்க ஆரம்பித்தது. "கூப்பிட்டா வராம என்ன பண்ணும்," என்றான், மூச்சு வாங்க. பிறகு அவனால் நிறுத்த முடியவில்லை. வீட்டுப் பக்கம் படகைத் திருப்பும்வரை சிரித்தான்.

கிஸெல்லா கடையைப் பூட்டிவிட்டு மாவுக் கையோடு துறைக்கு வந்திருந்தாள். மீனைப் பார்த்தாள். வெந்தெலைப் பார்த்தாள். மறுபடி மீனைப் பார்த்தாள். அவள் விட்ட மூச்சு எத்தெல்காவுக்குக் கேட்டது.

"இதுதானா மூணு நாளா உனக்குப் பழகின மீனு?"

ஆமாம் என்றால் முடிந்தது. ஊரே நம்பும். எத்தெல்கா படகுக் கயிற்றைத் துறைக் கட்டையில் சுற்றிக் கட்டினாள். அது அவனுடைய விஷயம்.

வெந்தெல் தொப்பியைக் கழற்றினான். "இல்ல," என்றான். "அது புழு."

முழுக் கதையையும் சொன்னான், கை எப்படி உயர்ந்தது என்று நடித்தும் காட்டினான். கிஸெல்லா மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு துறைப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "என் புருஷனுக்குப் புழு பழகிடுச்சு," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். நாளைக்குச் சொல்ல வேண்டிய 'புருஷன்' என்ற சொல்லை இன்றைக்கே சொல்லிவிட்டாள் என்பதை மூவரில் யாரும் எடுத்துக்காட்டவில்லை.

மறுநாள் காலை காஷ்பார் வண்டியோடு வந்தான். ஐஸ் பெட்டியை இறக்கவில்லை. வேலியில் மாட்டியிருந்த கெளுத்தித் தலையை அண்ணாந்து பார்த்தான், அதன் தாடைக்குள் தன் கையை முழங்கை வரை விட்டுப் பார்த்தான், கோட்டைக் கழற்றிக் கிளையில் தொங்கவிட்டான். தன் கத்தியை எடுத்துக்கொண்டு வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில், மாப்பிள்ளைக்கு எதிரே, உட்கார்ந்தான்.

"சேறு வாடை இருக்கா மச்சான்?" என்று கேட்டான் வெந்தெல், கண் சிவக்க.

"வெந்த பிறகு சொல்றேன். நீ பெருசு பெருசா நறுக்காத."

எத்தெல்கா மீனை உள்ளங்கையளவு துண்டுகளாக அறுத்து உப்புப் போட்டு வைத்தாள். விறகடுப்பின் மேல் மூன்று கால் கம்பியில் தொங்கிய கொப்பரையில் கொழுப்பை உருக்கி வெங்காயத்தை வதக்கினாள். அது நிறம் மாறியதும் கொப்பரையை நெருப்பிலிருந்து விலக்கி, பாப்ரிகாப் பொடியைக் கொட்டிக் கிளறினாள்; நெருப்பின் மேல் கொட்டினால் கசந்துபோகும். தண்ணீர் ஊற்றிக் கொதித்ததும் துண்டுகளை அடுக்கினாள். வெந்தெலை அனுப்பி இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளிக்கச் சொன்னாள். அவன் திரும்பி வந்ததும் மோந்து பார்த்து மூன்றாம் முறையும் அனுப்பினாள்.

காஷ்பார் கரண்டியோடு வந்தான். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள். மீன் விழுந்த பிறகு கரண்டி போட்டால் உடைந்து கூழாகிவிடும். இருவரும் ஆளுக்கொரு துணியைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு பக்கம் பிடித்து, கொப்பரையை மெல்ல ஒரு சுற்றுச் சுழற்றினார்கள். ஊர்மன்றத்திலிருந்து ஆள் வந்து, பதிவு அதிகாரி வந்துவிட்டார் என்றான். எத்தெல்கா அடுப்பிலிருந்து இரண்டு விறகை வெளியே இழுத்துவிட்டு, எலுமிச்சையால் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, உடை மாற்ற உள்ளே போனாள்.